பதில் போடாமல் விடக் கூடாத காகிதம்

தாஸா நகரத்தில், நீதிமன்றத்து மதிலை ஒட்டி, மனு எழுதுகிறவர்களின் மேசைகள் ஐந்து இருக்கின்றன. மூன்றாவது மேசை யம்னாவுடையது. நீலக் குடை, பழைய மடிக்கணினி, கார் பேட்டரியில் ஓடும் பிரிண்டர், எதிரே இரண்டு பேர் உட்காரும்படியான பெஞ்சு. நகராட்சி கொடுத்த உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மேசைக்காலில் கம்பியால் கட்டி வைத்திருப்பாள். காற்றடித்தால் அது மட்டும் ஆடாது.

இருபத்திரண்டு வருஷமாக அவள் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். முன்பெல்லாம் மனு எழுதினால் வேலை முடிந்தது. இப்போது எல்லாம் இணையத்தில். விதவைப் பணம், ஆஸ்பத்திரித் தேதி, பாஸ்போர்ட்டு என்று எதைக் கேட்டாலும் ஒரு படிவம் வந்து நிற்கிறது. அந்தப் படிவத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்கும் கட்டம் ஒன்று இருக்கும். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு முகவரி ஏது? யம்னா தன் முகவரியையே போட்டுவிடுவாள்.

"போடுங்க லல்லா, உங்க வீட்டுக்கு வந்தா என் வீட்டுக்கு வந்த மாதிரிதானே" என்பார்கள். பெண்களை 'லல்லா' என்றும் ஆண்களை 'ஸி' என்றும் மரியாதையாகக் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம்.

இப்படி ஒன்பது வருஷத்தில் முந்நூறு பேருக்கு மேல் அவளுடைய ஒரே மின்னஞ்சல் பெட்டிக்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள். காலையில் பீஸாராக் கிண்ணத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பெட்டியைத் திறப்பாள். அந்த அவரைப் பருப்புக் கஞ்சி ஆறுவதற்குள் யாருக்கு என்ன வந்திருக்கிறது என்று நீலநிற நோட்டில் குறித்துவிடுவாள். திங்கட்கிழமைச் சந்தைக்கு வருகிறவர்கள் கோழியையும் வெங்காயத்தையும் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு ஒரே கேள்வி கேட்பார்கள்: "எனக்கு ஏதாவது வந்துதா?"

பக்கத்து மேசை அல்லாலுக்கு இது பொறுக்காது. அவர் பேனாவை விட்டுக் கணினிக்கு வராதவர். "லல்லா யம்னா மனு எழுதுறதை விட்டுட்டுத் தபாலாபீஸ் நடத்துறாங்க. ஒரு தபால் பெட்டிதான் பாக்கி" என்பார்.

"உங்க கையெழுத்தைப் படிக்கவே ஒரு ஆபீஸ் வைக்கணும், ஸி அல்லால். அதைவிட இது தேவலை" என்பாள் யம்னா.

அவள் தகப்பன் எண்ணெய்ச் செக்கில் மூட்டை தூக்கியவர். ஒன்பதாவதோடு அவள் படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தரை துடைக்கப் போனாள். ஒருநாள் தட்டச்சுக்காரி பாதி மனுவை இயந்திரத்தில் விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போனவள் திரும்பி வரவில்லை. மீதிப் பாதியை யம்னா அடித்தாள். வக்கீல் படித்துப் பார்த்து, ஓரத்தில் பதினாறு திருத்தம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் ஒன்பது. மாசம் திரும்புவதற்குள் திருத்தம் போட வேலையில்லாமல் போயிற்று. பதினோரு வருஷம் கழித்து வக்கீல் இறந்தபோது மகன்கள் நாற்காலிகளை விற்றார்கள். இவள் தட்டச்சு இயந்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீதிக்கு வந்தாள். நடுவில் கல்யாணம் ஒன்று நடந்து இரண்டே வருஷத்தில் முடிந்தது. அந்த விவாகரத்து மனுவையும் அவளேதான் எழுதினாள். பிழையே இல்லாத மனு என்று பதிவாளர் பாராட்டினாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிப்பாள்.

தொழிலில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆரம்பத்தில், மலையடிவாரத்துக்காரர் ஒருவர் தனக்கு வந்த சம்மனை மாவுப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டு வாய்தாவுக்குப் போகாமல் இருந்தார். எதிர்த்தரப்பு சொன்னதெல்லாம் உண்மையாகிவிட்டது; வயல் போயிற்று. அன்றிலிருந்து பெஞ்சில் உட்காருகிற ஒவ்வொருவரிடமும் யம்னா சொல்லுவாள்: "கோர்ட்டுக் காகிதத்துக்குப் பதில் போடாம மட்டும் விடாதீங்க. பேசாம இருந்தா ஒத்துக்கிட்டதா எழுதிக்குவாங்க."

அந்த மார்ச் மாசத்தில் அவள் எல்லாவற்றையும்விட ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்தாள். அது இத்தோவுக்கு வரவேண்டியது. இத்தோ மேலே மலைக் கிராமத்தில் ஆடு வைத்திருப்பவள். கணவன் ஸ்பெயினில் தக்காளித் தோட்டத்தில் ஏழு வருஷமாக வேலை. மனைவியையும் மகளையும் கூப்பிட்டுக்கொள்ள இப்போதுதான் அவனுக்கு அனுமதி கிடைத்திருந்தது. நாடோரில் உள்ள விசா அலுவலகத்தில் நேரில் வர ஒரு நாள் கொடுப்பார்கள். அந்த நாள் மின்னஞ்சலில் வரும். வந்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் 'வருகிறோம்' என்று அதை அழுத்தி உறுதி செய்யாவிட்டால் முறை கைமாறிவிடும். அடுத்த முறை அடுத்த வருஷம். மகள் தூரியாவுக்கு ஜூலை ஒன்பதாம் தேதி பதினெட்டு முடிகிறது. முடிந்துவிட்டால் தகப்பன் கோப்பில் அவளுக்கு இடமில்லை.

ஒவ்வொரு திங்களும் இத்தோ வருவாள். உட்காரமாட்டாள். குடையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"வந்துதா லல்லா?"

"இன்னும் இல்ல. நான் ஒருநாள் தவறாம பாக்குறேன். நீ ஆட்டைப் பாரு, நான் பெட்டியைப் பாக்குறேன்."

"என் கண்ணு உங்ககிட்டதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஆட்டுப்பால் வெண்ணெயில் ஓர் உருண்டையை மேசையில் வைத்துவிட்டுப் போவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பீஸாராவின் மேல் ஊற்றிய எண்ணெய் இன்னும் கலையாதபோது, அந்த மின்னஞ்சல் வந்தது.

தலைப்பில் 'நீதிமன்ற அழைப்பாணை' என்றிருந்தது. உள்ளே இரண்டு பக்கம். மேலே இரண்டு கொடி, நடுவில் வட்ட முத்திரை, கீழே பெரிய கையெழுத்து. யம்னாவின் முகவரியிலிருந்து மானக்கேடான படங்கள் பலருக்கு அனுப்பப்பட்டிருப்பதாகவும், மின்வலைக் குற்றப் பிரிவு அதைக் கண்டுபிடித்துக் கோப்பு திறந்துவிட்டதாகவும், எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் விளக்கம் வராவிட்டால் கைது ஆணை பிறக்கும் என்றும், பெயர் பத்திரிகையில் வரும் என்றும் எழுதியிருந்தது. கடைசியில் இரண்டு வரிகள் தடித்த எழுத்தில்: 'விசாரணை முடியும்வரை உங்கள் மின்னஞ்சல் பெட்டி பறிமுதல் செய்யப்படும். இதைப் பற்றி எவரிடமும் பேசுவது தனிக் குற்றம்.'

யம்னா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். திரும்பத் திரும்ப நான்கு தடவை படித்தாள். அவள் கண்ணுக்குப் பிழை தப்பாது. கோப்பு எண்ணில் வருஷம் இல்லை. இரண்டு பக்கத்திலும் முத்திரை ஒரே கோணத்தில் சாய்ந்திருக்கிறது. கையால் குத்தினால் அப்படி விழாது. அனுப்பியவர் முகவரியின் வாலில் ஏழெட்டு எண்கள். இதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக நீதிமன்றக் குமாஸ்தாக்களின் பிழைகளைத் திருத்தியே பிழைத்தவள் அவள். 'இவனும் ஒரு அரைகுறை குமாஸ்தா' என்றுதான் தோன்றிற்று.

வேறு யாராக இருந்தாலும் 'நான் அப்படிச் செய்யவில்லை' என்று ஒரே வார்த்தையில் தள்ளியிருப்பார்கள். யம்னாவால் அது முடியவில்லை. அந்த முகவரியை அவள் மட்டுமா பயன்படுத்தினாள்? முந்நூறு பேர் தந்த காகிதங்களையும் படங்களையும் அதன் வழியே எங்கெங்கோ அனுப்பியிருக்கிறாள். எவனாவது ஒருவன் தந்த கோப்புக்குள் என்ன இருந்ததென்று யார் கண்டது? போன மாசம் முடிதிருத்துகிற மீலூத் தன் செல்பேசியிலிருந்து நாற்பது படங்களை, 'அண்ணன் கல்யாணத்துக்கு அத்தாட்சி' என்று ஒரு கட்டாக அனுப்பச் சொன்னான். அவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவில்லை. அன்று மத்தியானம் மீலூத் சிரித்துக்கொண்டே பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது, "இனிமே உனக்கு எழுத மாட்டேன், எழுந்து போ" என்றாள். அவன் என்ன, ஏது என்று கேட்டபோது பதில் சொல்லவில்லை. அவன் வாயைத் திறந்தபடியே எழுந்து போனான். அல்லால் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"என்ன லல்லா, தலைமுடி சரியா வெட்டலையா?"

யம்னா பிரிண்டரில் தாளை அடுக்கினாள்.

பத்தடி தள்ளி, டீக்கடை வாசலில், கோர்ட்டு அமீனாவான பூஷ்தா உட்கார்ந்து புதினாத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக அந்த நீதிமன்றத்தின் சம்மன்களை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பவர். எழுந்துபோய், "இதைக் கொஞ்சம் பாருங்க ஸி பூஷ்தா" என்று சொல்ல இரண்டு நிமிஷம் போதும். ஆனால் எதைக் காட்டுவது? அந்தப் படங்களைப் பற்றிய வரியையா? ஐம்பத்திரண்டு வயதில், தனியாக இருக்கும் பெண்பிள்ளை, ஓர் ஆணின் முன்னால் அந்த வரியை நீட்டுவதா? போதாததற்கு, யாரிடமும் பேசக் கூடாது என்று கட்டளை வேறு. பூஷ்தா தேநீரைக் குடித்து முடித்து, கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்துவிட்டு, வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

சிறை, பத்திரிகை எல்லாம் பயம்தான். அவளை உண்மையில் பிடித்து உலுக்கியது பறிமுதல் என்ற சொல். பெட்டியை எடுத்துக்கொண்டு போனால் இத்தோவின் கடிதம் எங்கே வந்து விழும்?

புதன்கிழமை காலை அவள் தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தாள். விளக்க மனு எழுதினாள்.

அதுவரை அவள் எழுதிய மனுக்களிலேயே அதுதான் குறையில்லாதது. மேலே இறைவனுக்குப் புகழ். அடுத்து தன் முழுப்பெயர், தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த தேதி, வீடு, அடையாள அட்டை எண். மனு என்றால் அதெல்லாம் இல்லாமல் செல்லாது. அட்டையின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து இணைத்தாள். பிறகு வரிசைப்படி நடந்ததைச் சொன்னாள்: இந்தப் பெட்டி தனக்கு மட்டும் சொந்தமில்லை, ஏழைகள் முந்நூறு பேரின் முறைகளும் தேதிகளும் இதில்தான் வந்துகொண்டிருக்கின்றன, குறிப்பாக ஒரு தாயும் மகளும் இதை நம்பி நாடோரின் அழைப்புக்குக் காத்திருக்கிறார்கள், ஆகவே பெட்டியைத் தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். மனு முடிகிற இடத்தில் எப்போதும் எழுதுகிற வாக்கியத்தையும் எழுதினாள்: 'அறியாமல் பிழை நேர்ந்திருக்குமானால் பெருந்தன்மையோடு மன்னிக்க வேண்டுகிறேன்.' நான்கு பக்கம். மூன்று தடவை படித்து, ஒரு காற்புள்ளியை மாற்றி, அனுப்பினாள்.

ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்தது.

எந்த நீதிமன்றமும் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டு அவள் பார்த்ததில்லை. ஒரு மாசத்தில் வந்தாலே இனிப்பு வாங்கித் தருவார்கள். அப்போதாவது கை நின்றிருக்க வேண்டும். 'என் மனுவின் நயம்' என்று நினைத்தாள்.

'உங்கள் விளக்கம் பரிசீலிக்கப்பட்டது. நீங்கள் பிழையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருப்பது கோப்பில் சேர்க்கப்பட்டது. பெட்டி பறிமுதலாகாமல் இருக்க, கீழே உள்ள வழியாக நுழைந்து, அது உங்களுடையது என்று நிரூபிக்கவும்.'

அழுத்தினாள். அவளுடைய பெட்டியின் வாசலைப் போலவே ஒரு வாசல் திறந்தது. முகவரி கேட்டது, கொடுத்தாள். கடவுச்சொல் கேட்டது. செத்துப்போன வக்கீலின் பெயரும் அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷமும்தான் அவள் கடவுச்சொல். அதையும் கொடுத்தாள். 'நன்றி' என்று வந்தது. அன்று மாலை அவள் இரண்டு ரொட்டி வாங்கி நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை காலை பெட்டி திறக்கவில்லை. கடவுச்சொல் தவறு என்றது. நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தாள். தவறு. கணினியை அணைத்துப் போட்டாள். தவறு. எட்டரையிலிருந்து பத்து மணிவரை அந்த வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். பீஸாராவின் மேல் ஏடு படிந்துவிட்டது.

மத்தியானம் பூஷ்தா வண்டியை அவள் மேசை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். செல்பேசியை நீட்டினார். தொப்பை குலுங்கச் சிரிப்பு.

"லல்லா யம்னா, என்னை எப்பக் கைது பண்றதா உத்தேசம்? குளிச்சுட்டு வரவா, இப்படியே வரவா?"

அவள் வாங்கிப் பார்த்தாள். அதே கொடிகள், அதே முத்திரை. அதே கைது, அதே எழுபத்திரண்டு மணி. அனுப்பியவர் இருந்த இடத்தில் அவள் பெயர்.

"என் மச்சினனுக்கும் வந்திருக்கு. பதிவாளருக்கே வந்திருக்காம். ஆளைப் பாத்து மிரட்டுறானா பாருங்க, பதிவாளரை!" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். வண்டியை அணைத்தார். "உங்களுக்கும் வந்துதா?"

"செவ்வாய்க்கிழமை."

"பதில் போட்டீங்களா?"

அவள் 'தவறு' என்று நின்ற திரையை அவர் பக்கம் திருப்பினாள். பூஷ்தா பெஞ்சில் உட்கார்ந்தார்.

"முப்பது வருஷமா சம்மன் கொண்டுபோறேன். நீங்களே எத்தனை பேருக்குப் படிச்சுக் காட்டியிருக்கீங்க. கையெழுத்து வாங்காம நான் எந்த வாசலையாவது விட்டு நகந்திருக்கேனா?"

"இல்ல."

"'யாருகிட்டயும் சொல்லாதே'ன்னு எழுதின சம்மன் ஒண்ணாவது பாத்திருக்கீங்களா? கோர்ட்டு ஊர் அறியக் கூப்பிடும் லல்லா. கதவுல ஒட்டும், பேரைச் சொல்லிக் கத்தும். காதுல வந்து ரகசியமா மிரட்டுறவன் திருடன். பெட்டிச் சாவியைக் கேக்குற நீதிபதி எங்க இருக்கான்?"

"தெரியும், ஸி பூஷ்தா."

"தெரிஞ்சுமா?"

"அடுத்தவங்களுக்கு வந்தப்பல்லாம் தெரிஞ்சுது" என்றாள் யம்னா.

பக்கத்து மேசையில் அல்லால் எழுதுவது போலத் தலையைக் குனிந்திருந்தார். அவர் பேனா நகரவில்லை.

அன்றும் வெள்ளியும் அவள் அலையாத இடமில்லை. கணினிக் கடைக்காரன், பழைய செல்பேசி எண் இருந்தால் பெட்டியை மீட்டுவிடலாம் என்றான். பெட்டி திறந்தபோது கொடுத்த எண் ஆறு வருஷத்துக்கு முன்னால் சந்தையில் தொலைந்த சிம்மோடு போயிற்று. பெட்டி கொடுத்த மின்னஞ்சல் கம்பெனியின் இயந்திரம் ஏதேதோ கேட்டது. பெட்டி எந்த மாசம் திறந்தது, முந்தைய கடவுச்சொல் என்ன, எந்த ஊரிலிருந்து. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். 'போதிய ஆதாரம் இல்லை' என்றது. மேலதிகாரி யார் என்று தேடினாள். ஆள் இல்லை. அமைச்சருக்கு எழுதியிருக்கிறாள், ஆளுநருக்கு எழுதியிருக்கிறாள். மனு வாங்க ஆளே இல்லாத வாசலை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

காவல் நிலையத்தில் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போட்டார். வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் பக்கமே தள்ளினார்.

"நீங்களே எழுதிடுங்க லல்லா. பிராது எழுத உங்களைவிட இந்த ஊர்ல யாரு இருக்கா?"

எழுதினாள். 'எதிரி' என்ற இடத்தில் 'யாரென்று தெரியாதவர்' என்று போட்டாள்.

"கண்டுபிடிப்பீங்களா?"

"எந்த நாட்டுல உக்காந்திருக்கானோ. விசாரிக்கிறோம். மத்தவங்க ஏமாறாம பாத்துக்குங்க" என்றார் அதிகாரி.

நீலநோட்டைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். 'என் பேர்ல எது வந்தாலும் திறக்காதீங்க, பதில் போடாதீங்க' என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. மீலூத்தை அழைத்தபோது அவன் எடுக்கவில்லை. எழுந்து அவன் கடைக்கே போனாள். அவன் ஒருவரின் தாடிக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தான்.

"என் மேலதான் தப்பு" என்றாள்.

"எதுக்குன்னே சொல்லலையே லல்லா" என்றான், கத்தியைத் தீட்டிக்கொண்டே. அவள் அப்போதும் சொல்லவில்லை.

இத்தோவின் கிராமத்தில் செல்பேசி எடுக்காது. சனிக்கிழமை விடிந்ததும் ஷேர் டாக்ஸியில் ஏறினாள். ஆறாவது ஆள் வரும்வரை டாக்ஸி கிளம்பவில்லை, எட்டரை ஆயிற்று. அதன் பிறகு நடை. இத்தோ ஆடுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். யம்னாவை மலையில் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியை யம்னாவால் தாங்க முடியவில்லை.

"வந்துருச்சா! நீங்களே வந்துட்டீங்களா! தூரியா, ஓடி வா, லல்லா யம்னா வந்திருக்காங்க!"

"இத்தோ, இரு. வந்துதா இல்லையான்னு எனக்குத் தெரியல."

"தெரியலைன்னா?"

"பெட்டி என்கிட்ட இல்ல. திருடிட்டாங்க. நானே சாவியைக் குடுத்துட்டேன்."

இத்தோவுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. தூரியாவுக்கு உடனே புரிந்துவிட்டது, பள்ளிக்கூடம் போனவள். அவள் கையிலிருந்த பால் பாத்திரத்தை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

திங்கட்கிழமை யம்னாவும் இத்தோவும் நாடோரில், கண்ணாடிக்கு முன்னால் நின்றார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் சின்ன வயசுக்காரி, தன்மையானவள். கோப்பு எண்ணை அடித்துப் பார்த்தாள்.

"அனுப்பியிருக்கோமே. வியாழக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு. சனிக்கிழமை ஒன்பது பத்துவரை உறுதி பண்ணலை. முறை போயிடுச்சு."

வியாழன் ஒன்பது பத்து. தவறு, தவறு என்று சொல்லிக்கொண்டிருந்த வாசலின் முன்னால் யம்னா உட்கார்ந்திருந்த நேரம். கதவுக்கு அந்தப் பக்கம் கடிதம் வந்து விழுந்திருக்கிறது. சனி ஒன்பது பத்துக்கு அவள் மலைப்பாதை டாக்ஸியில் ஆறு பேரோடு நெருக்கியடித்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்தது எப்பம்மா?" என்று இத்தோ கேட்டாள்.

"பிப்ரவரி மாதிரி வரும்."

"பொண்ணுக்கு ஜூலையில பதினெட்டு முடியுது."

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் திரையைப் பார்த்தாள். பிறகு இத்தோவைப் பார்த்தாள். "நான் என்னம்மா செய்ய முடியும்? பட்டியலை மெஷின் போடுது. உங்களுக்கு முறை வரும். பொண்ணுக்கு வராது."

யம்னா அங்கேயே, காத்திருக்கும் பெஞ்சில், மடியில் எழுதும் அட்டையை வைத்துக்கொண்டு ஒரு மனு எழுதினாள். நடந்தது எல்லாம், பிராதின் எண்ணோடு. தவறு விண்ணப்பதாரருடையது அல்ல, எழுதுபவளாகிய என்னுடையது என்றாள். முடிவில் வழக்கமான வாக்கியத்துக்கு வந்தபோது எழுதாமல் விட்டாள். அந்தப் பெண் வாங்கி 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தினாள். கையால் குத்திய முத்திரை. கொஞ்சம் சாய்ந்து, ஓரம் மங்கி இருந்தது.

"பதில் வருமா?"

"வந்தா மெயில்ல வரும். எந்த முகவரி போடட்டும்?"

யம்னா இத்தோவைப் பார்த்தாள். இத்தோ தரையைப் பார்த்தாள்.

"அப்புறமா சொல்றோம்" என்றாள் இத்தோ.

திரும்பி வரும் பஸ்ஸில் இத்தோ துணி முடிச்சை அவிழ்த்து ரொட்டியை எடுத்தாள். இரண்டாகப் பிய்த்து, பெரிய துண்டை யம்னாவிடம் நீட்டினாள். யம்னாவுக்குத் திட்டு வாங்கியிருந்தால் தேவலை போலிருந்தது.

"நான் போயி, அவளை யார்கிட்ட விடுறது?" என்றாள் இத்தோ, சன்னலைப் பார்த்தபடி. "நான் போகாம இருந்தா, அவரு இன்னும் ஏழு வருஷம் தனியா பொங்கித் திம்பாரா?"

யம்னா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியில் கெர்ஸீஃப் ஊர் வந்தது, போயிற்று.

அடுத்த திங்கள் சந்தை நாள். யம்னா குடையை விரித்து உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் ஓர் அட்டை எழுதி நிறுத்தியிருந்தாள்: 'என் பழைய முகவரியிலிருந்து வழக்கு, கைது என்று எது வந்தாலும் நம்ப வேண்டாம். நீதிமன்றம் கடவுச்சொல் கேட்காது. சந்தேகம் வந்தால் யாரிடமாவது காட்டுங்கள், வெட்கப்பட வேண்டாம்.' கடைசி இரண்டு சொற்களைப் பெரிதாக எழுதியிருந்தாள். வந்தவர்கள் சிலர் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்கள். பெஞ்சு பெரும்பாலும் காலியாக இருந்தது.

பதினோரு மணிக்கு இத்தோ வந்தாள். வணக்கம் சொன்னாள். வெண்ணெய் உருண்டையை எப்போதும் போல யம்னாவின் மேசையில் வைத்தாள். பிறகு நான்கு அடி நடந்து அல்லாலின் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அல்லால் ஒரு புதுக் கணினி வாங்கியிருந்தார். இரண்டு விரலால் தட்டினார். யம்னாவின் ஆட்களில் பாதிப்பேர் அவரிடம் வந்துவிட்ட பிறகு பேனா மட்டும் போதவில்லை.

"நாடோர் படிவத்துல முகவரி கேக்குதேம்மா. உனக்கு இருக்கா?"

"இல்ல ஸி அல்லால்."

"சரி, விடு. என்னோடதைப் போட்டுடுறேன்."

யம்னா எழுந்துவிட்டாள். "ஸி அல்லால், வேண்டாம். அவ பேர்லயே ஒண்ணு திறந்து குடுங்க. கடவுச்சொல்லைத் தூரியாகிட்ட குடுங்க. அவளுக்குப் படிக்கத் தெரியும்."

அல்லால் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கேலி செய்ய வாய் வந்தது போலிருந்தது, செய்யவில்லை.

"அதெல்லாம் எனக்கு எங்க தெரியுது லல்லா? இதுவே இப்பதான் வருது. அவசரக் காரியம், முதல்ல போகட்டும்."

"நான் செஞ்சு தர்றேன். ரெண்டே நிமிஷம்."

இத்தோ மடியில் இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமெல்லாம் இல்லை அவள் முகத்தில். ஒரு தடவை சுட்ட அடுப்புப் பக்கம் கை நீட்டாமல் இருப்பது போல, அவ்வளவுதான்.

"போடுங்க ஸி அல்லால்" என்றாள் இத்தோ மெதுவாக. "உங்க வீட்டுக்கு வந்தா என் வீட்டுக்கு வந்த மாதிரிதானே."

அல்லால் தன் முகவரியை ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடிக்கத் தொடங்கினார். யம்னா நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.